அம்மா முதல்முறையாக, தனியாக விமானத்தில் வருகிறார்: உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

தாராபுரத்துப் பொண்ணு (வெள்ளி, இரவு 9.40)

வணக்கம். நான் மும்பை முலுந்தில் இருக்கிறேன். எனக்கு இது எட்டாம் மாதம். பேறுகாலத்துக்கு ஊருக்குப் போவதாகத்தான் இருந்தோம். மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அம்மா இங்கே வருகிறார். அப்பாவால் மாடுகளை விட்டு வர முடியாது. கணவர் இப்போது விடுப்பு எடுத்தால் குழந்தை பிறக்கும்போது கிடைக்காது. ரயில் என்றால் குர்லா எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் ஆகும். கோவை–மும்பை விமானத்தில் இரண்டு மணி நேரம்தான் என்பதால் டிக்கெட் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு 58 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் சரளமாகப் படிப்பார், எண்கள் தெரியும், ஆங்கில எழுத்து தெரியாது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஊரில் பால் சொசைட்டிக் கணக்கு, தோட்டத்துக் கூலிக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான். பயந்த ஆள் இல்லை. ஆனால் நேற்று போனில் ஒன்று கேட்டார்: "பஸ்ஸுன்னா கண்டக்டரக் கேப்பேன், ரயிலுன்னா பக்கத்துல இருக்கறவங்களக் கேப்பேன். அங்க யாரக் கேக்கறது கண்ணு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோவை வாசலில் சித்தப்பா மகன் இறக்கிவிடுவான். மும்பை வாசலில் கணவர் நிற்பார். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லித் தாருங்கள். புதன்கிழமை காலை 11.20 விமானம்.

நொய்யல்கரை (வெள்ளி, இரவு 10.05)

சகோதரி, முதலில் வாழ்த்துகள். கோவை விமான நிலையம் சிறியது, ஒரே கட்டடம். தொலைந்துபோக வழியில்லை. சென்னை மாதிரி எந்த டெர்மினல் என்று பார்த்து இறங்க வேண்டிய கவலையும் இல்லை.

வாசலில் காக்கி உடையில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். அவரிடம் டிக்கெட்டும் ஆதாரும் காட்ட வேண்டும். டிக்கெட்டைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆதார் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸையோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தையோ நம்பிப் போக வேண்டாம்.

உள்ளே போனதும் விமான நிறுவனத்தின் கவுண்டர். பெரிய பெட்டியை அங்கே எடை போட்டு வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ், அதாவது விமானத்தில் ஏறுவதற்கான சீட்டு, தருவார்கள். பிறகு பாதுகாப்புச் சோதனை. அதற்குப் பிறகு கேட், அதாவது விமானத்துக்குப் போகும் வாசல், பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் வரிசையில் போய் ஏற வேண்டும். ஆக வாசல், கவுண்டர், சோதனை, கேட் என்று நான்கே இடம்தான். இந்த வரிசை எந்த ஊரிலும் மாறாது.

சக்கரக்காலன் (வெள்ளி, இரவு 10.20)

எதற்கு இவ்வளவு யோசனை? வீல்சேர் போட்டுவிடுங்கள். கவுண்டரில் உட்கார்ந்தால் ஒரு ஆள் தள்ளிக்கொண்டே போய் சோதனை, கேட் எல்லாம் முடித்து விமானத்துக்குள் விட்டுவிடுவார். மும்பையிலும் பெட்டியை எடுத்துக் கொடுத்து வாசலில் உங்கள் கணவர் கையில் ஒப்படைப்பார்கள். என் அத்தை நான்கு முறை அப்படித்தான் வந்தார். மொழி தெரியாத பெரியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

வைகைக்கரை (சனி, காலை 6.50)

சக்கரக்காலன், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் இதை நான் சொல்லியாக வேண்டும். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் வராது. போன வருடம் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கியபோது, விமானம் காலியான பிறகும் முக்கால் மணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த விமானத்துக்குக் கேட்டிருந்த வீல்சேர்கள் அத்தனை. எங்களுக்கு முன்னால் போனவர்களில் சிலர் பெட்டி வரும் இடத்தில் எழுந்து, தாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

நடக்க முடிந்தவர்களுக்கு வழிகாட்ட வேறு ஏற்பாடு வேண்டும். வீல்சேர் வழிகாட்டிப் பலகை இல்லை.

சக்கரக்காலன் (சனி, காலை 7.30)

வருந்துகிறேன். இந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. என் அத்தைக்கு முழங்கால் தேய்மானம் உண்டு, படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார். அவருக்குக் கேட்டது தவறு என்று நினைக்கவில்லை. ஆனால் மொழி தெரியாது என்பதற்காக மட்டும் கேட்கச் சொன்னது சரியில்லைதான்.

மேகமூட்டம் (சனி, காலை 11.15)

நான் ஒன்பது வருடம் செக்-இன் கவுண்டரில் வேலை பார்த்தவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீல்சேர். அதில் மூன்று வகை உண்டு. தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் ஒன்று. படியும் ஏற முடியாது, இருக்கை வரை மெல்ல நடப்பார் என்றால் இன்னொன்று. அறவே நடக்க முடியாதவருக்கு மூன்றாவது. சக்கரக்காலனின் அத்தை முதல் வகையில் நியாயமாக வருவார். வைகைக்கரையின் அப்பா மூன்றாவது வகையாக இருக்கலாம், அவருக்கே முதலில் கிடைத்திருக்க வேண்டும். தாராபுரத்துத் தங்கச்சியின் அம்மா எந்த வகையிலும் வரவில்லை. அவருக்குத் தேவை கேட்பதற்கு ஓர் ஆள். அந்த ஆள் கவுண்டரில் இருப்பவர்தான்.

கவுண்டரில் நிற்பதும் மனிதர்தான். "முதல் தடவை வர்றேன், தனியா வந்திருக்கேன், தமிழ்தான் தெரியும்" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் போர்டிங் பாஸில் கேட் எண்ணையும் நேரத்தையும் பேனாவால் வட்டம் போட்டுத் தருவோம். அதே விமானத்துக்கு வரிசையில் நிற்கும் தமிழ்க் குடும்பத்தைக் காட்டி, "இவங்க கூடவே போங்கம்மா" என்று சேர்த்துவிட்டிருக்கிறேன். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, வாரத்துக்கு நான்கைந்து தடவை. ஆனால் கூட்டம் முட்டும் கடைசி நேரத்தில் வந்தால் நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. ஆகவே சீக்கிரம் வரச் சொல்லுங்கள். 11.20 விமானத்துக்கு 9 மணிக்கே வாசலில் இருந்தால் நிதானமாக இருக்கும்.

பொதுவாக உள்நாட்டு விமானத்துக்குப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவோம். மனசில்லாமல் மூடுவதாகப் பலர் கோபப்படுவார்கள். மூடிய பிறகுதான் எத்தனை பேர், எத்தனை கிலோ என்ற கணக்கு முடிந்து விமானி கைக்குப் போகும். பெட்டிகளும் சோதனை முடிந்து வயிற்றுப் பகுதியில் ஏற வேண்டும். பஸ் மாதிரி ஓடிவந்து ஏற முடியாதது அதனால்தான். விமானத்துக்குள் போகும் கேட்டையும் புறப்படுவதற்கு 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். டிக்கெட்டில் 11.20 என்றிருந்தால் அம்மாவின் கணக்கில் 10.30 என்று எழுதிக் கொடுங்கள்.

வெப் செக்-இன், அதாவது இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுப்பதை, நீங்கள் மும்பையிலிருந்தே செய்துவிடலாம். காசு கொடுத்து இருக்கை எடுக்கச் சொல்லி அந்த இணையப் பக்கம் நெருக்கும், அதைத் தாண்டிப் போகவும் வழி இருக்கும். செய்தாலும் செய்யாவிட்டாலும் பெட்டி போட கவுண்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே தாளில் போர்டிங் பாஸ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஒன்று. பெட்டியில் நீளமாக ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதே எண்ணுள்ள சிறு துண்டைப் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருவார்கள். பெட்டி வராமல் போனால் அந்தத் துண்டுதான் சாட்சி. கசக்கிப் போட்டுவிட வேண்டாம்.

மாட்டுங்கா மாமி (சனி, மதியம் 2.10)

அம்மா என்னென்ன கொண்டுவருகிறார் என்று கேட்டீர்களா, கண்ணா? பேறுகாலம் பார்க்க வருகிற அம்மாவின் பை எனக்குத் தெரியும்.

பெரிய பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. பல நிறுவனங்களில் அந்த 15 கிலோவும் ஒரே பெட்டியாக இருக்க வேண்டும். ஒரு பெட்டி, இரண்டு கட்டைப்பை, ஒரு சாக்கு என்று வந்தால் கவுண்டரிலேயே பிரிக்க வேண்டிவரும், அல்லது கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கட்ட வேண்டிவரும். வீட்டில் தராசு இல்லையென்றால் பால் சொசைட்டியிலோ ரேஷன் கடையிலோ நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவ லேகியம், நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் முடிந்து, பழைய துணியில் சுற்றி வைக்க வேண்டும். தீப்பெட்டி, கற்பூரம் எந்தப் பையிலும் கூடாது. உங்கள் பக்கத்து ஆட்கள் கொப்பரை இல்லாமல் வரமாட்டார்கள், அதுவும் எந்தப் பையிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று வைத்திருக்கிறார்கள். பவர் பேங்க் இருந்தால் கைப்பையில் மட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பூண்டு, பனங்கருப்பட்டி, சுக்கு, சாம்பிராணி, செக்கெண்ணெய் எல்லாம் மாட்டுங்கா கிழக்கில் நம் கடைகளிலேயே கிடைக்கும். கடையில் கிடைக்காதது அவர் கையால் கிண்டிய லேகியம் மட்டும்தான். அதற்கு இடம் விடுங்கள்.

தேரிக்காடு (சனி, மாலை 5.45)

மாமி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருக்குப்பை!

எங்கள் ஆச்சி முதல்முறை விமானம் ஏறியபோது பெட்டி முழுக்க நாங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கினோம். இடுப்பில் இருந்த சுருக்குப்பையை யாரும் நினைக்கவே இல்லை. சோதனையில் அதை வாங்கி மேசையில் கொட்டினார்கள். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, நான்கைந்து சில்லறை, அவற்றுக்கு நடுவில் பாக்குவெட்டி. பித்தளைக் கைப்பிடி, இரண்டு பக்கமும் கிளி மூக்கு வைத்தது. ஆச்சியின் மாமியார் கொடுத்தது, அவருக்கு எத்தனை வயதோ அதைவிட மூப்பு. கத்தி மாதிரி என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. வழியனுப்ப வந்த நாங்கள் அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். வேறு வழியில்லாமல் அங்கிருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். இறந்துபோகும் வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகவே உங்கள் சித்தப்பா மகனிடம் சொல்லுங்கள். அம்மா உள்ளே போனதும் கிளம்பிவிட வேண்டாம். "சோதனை முடிஞ்சுது" என்று அவர் போனில் சொல்லும்வரை வெளியே நிற்கட்டும். ஏதாவது ஒரு பொருளைத் தடுத்தால் திரும்பி வாசலுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகலாம்.

தாராபுரத்துப் பொண்ணு (சனி, இரவு 8.30)

எல்லாருக்கும் நன்றி. தேரிக்காடு, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே அம்மாவை அழைத்தேன். அவர் வெற்றிலை போட மாட்டார். ஆனால் பூ தொடுக்கும்போது நார் வெட்ட ஒரு சிறு கத்தி பையில் எப்போதும் இருக்கும். எடுத்து வைத்துவிட்டார்.

ஒரு சந்தேகம். ஆதாரில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்துதான் இனிஷியல். டிக்கெட் போடும்போது கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்டது, அப்பாவின் முழுப் பெயரைப் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பிவிடுவார்களா?

மேகமூட்டம் (சனி, இரவு 9.10)

தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான். உள்நாட்டுப் பயணத்தில் பெயர் அதுவேதான், இனிஷியலை விரித்திருக்கிறது என்று தெரிந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள். ஆனாலும் நான்கு நாள் இருக்கிறது. இன்றே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி ஆதாரில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள். வாசலில் நிற்கிறவர் எழுத்துக்கு எழுத்து பார்ப்பவராக இருந்தால் அம்மா தனியாக வாதாட வேண்டாம் அல்லவா?

வெளிநாடு என்றால் இன்னும் கவனம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள்.

வைகைக்கரை (ஞாயிறு, காலை 7.00)

மொழி பற்றி யாரும் பேசவில்லையே. சோதனை செய்பவர்கள் சிஐஎஸ்எஃப் என்ற மத்தியப் படையினர், பலர் வடமாநிலத்தவர். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்னதற்கு "நீங்கள் இந்தியரா" என்று ஒரு பாதுகாப்பு அலுவலர் கேட்டதாகக் கனிமொழி எம்.பி. எழுதினார். சிஐஎஸ்எஃப் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு எம்.பி.க்கே அப்படியென்றால் ஊரிலிருந்து வருகிற அம்மா என்ன செய்வார்?

நொய்யல்கரை (ஞாயிறு, காலை 8.20)

உரிமைக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புதன்கிழமை அம்மாவுக்கு உதவப்போவது, அங்கே பேசுவது புரியாவிட்டாலும் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருப்பதுதான். சோதனையில் வார்த்தையே தேவையில்லை. கைப்பை, போன், கையில் இருக்கும் பர்ஸ் எல்லாம் ட்ரேயில் போக வேண்டும். பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட சிறு அறை. உள்ளே பெண் காவலர் இருப்பார். சிறு மேடையில் ஏறி இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நிற்க வேண்டும். அவர் கையிலிருக்கும் கருவி தாலிக்கொடி, மெட்டி பக்கம் வந்தால் சத்தம் போடும். அது வழக்கம்தான், பதற வேண்டாம். என் மனைவியை இதுவரை யாரும் தாலியைக் கழற்றச் சொன்னதில்லை. முடிந்ததும் சில இடங்களில் போர்டிங் பாஸில் முத்திரை குத்துவார்கள். குத்துகிறார்கள் என்றால் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ட்ரேயிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு பத்தியை அம்மாவிடம் போனில் இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். ஒருமுறை கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சக்கரக்காலன் (ஞாயிறு, காலை 9.05)

பல விமான நிலையங்களில் இப்போது ஏறச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை. டிவி மாதிரித் தொங்கும் பலகையில்தான் வரும். கேட் எண்ணும் கடைசி நேரத்தில் மாறலாம். அதே நிறப் போர்டிங் பாஸ் வைத்திருப்பவர் யாரையாவது பார்த்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முன்னே தவறாகச் சொன்னதற்கு இதையாவது உருப்படியாகச் சொல்கிறேன்.

அப்புறம் மும்பைக்கு இப்போது இரண்டு விமான நிலையம். நவி மும்பையில் 2025 டிசம்பரில் விமானங்கள் தொடங்கிவிட்டன. டிக்கெட்டில் எது இருக்கிறது, பழையது என்றால் டெர்மினல் 1-ஆ 2-ஆ என்று உங்கள் கணவர் முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.

தாராபுரத்துப் பொண்ணு (திங்கள், இரவு 9.15)

பெயர் திருத்தியாயிற்று. வீல்சேர் வேண்டுமா என்று அம்மாவிடமே கேட்டேன். "காலு நல்லாத்தான இருக்குது. எதுக்குச் சாமி வண்டி? முடியாதவங்களுக்கு ஆகட்டும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீங்கள் சொன்னதையெல்லாம் போனில் நான் சொல்லச் சொல்ல, தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அம்மாவே எழுதிக்கொண்டிருக்கிறார். நான் டைப் செய்து அனுப்புகிறேன் என்றேன். வேண்டாமாம், தன் கையெழுத்து என்றால்தான் அவசரத்தில் படிக்க வருமாம்.

தாராபுரத்துப் பொண்ணு (புதன், மாலை 6.40)

வந்துவிட்டார்! இப்போது சமையலறையில் இருக்கிறார், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

8.45-க்கே வாசலில் இறங்கியிருக்கிறார். மேகமூட்டம் அக்கா, நீங்கள் சொன்ன அதே மூன்று வரியைக் கவுண்டரில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு ஜன்னல் ஓர இருக்கை கொடுத்து, நேரத்துக்கு வட்டம் போட்டுத் தந்திருக்கிறார். பெட்டி 14.6 கிலோ. சொசைட்டித் தராசில் 14.5 காட்டியதாம், நூறு கிராம் எப்படி ஏறியது என்று இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சோதனையில் ஒரு சிக்கல். லேகிய டப்பா ஒன்றைக் கடைசி நேரத்தில் கைப்பையில் வைத்துவிட்டார், பெட்டியில் நசுங்கிவிடும் என்று. கைப்பையைத் தனியே எடுத்து வைத்து இந்தியில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அம்மா தாளில் இருந்தபடி "தமிழ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருக்கிறார். ஒரு தமிழ்க் காவலரைக் கூப்பிட்டார்களாம். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "யாருக்கும்மா, மகளுக்கா?" என்று கேட்டுவிட்டு இந்த முறை போங்கள் என்று விட்டிருக்கிறார். எல்லா நேரமும் விடமாட்டார்கள், அடுத்த முறை பெட்டியில்தான் என்று நான் சொல்லிவிட்டேன்.

தம்பி சோதனை முடியும்வரை வெளியே நின்றான். கேட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பொள்ளாச்சிக்காரர்களாம். விமானம் மேலே ஏறும்போது காது அடைத்ததை மட்டும் யாரும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டார். அது என் தவறு.

தேரிக்காடு (புதன், இரவு 7.30)

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அக்கா, அடுத்த மாதம் என் மாமனார் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனியாக வருகிறார், அவருக்கும் முதல் முறை. அம்மா எழுதிய அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அப்படியே இங்கே போட முடியுமா?

தாராபுரத்துப் பொண்ணு (புதன், இரவு 8.15)

அம்மாவிடம் கேட்டுவிட்டேன், போடு என்றார். அவர் எழுதியபடியே தருகிறேன்:

"ஆதார், டிக்கெட் மேல் பையில். காக்கிக்காரரிடம் காட்டு.

கவுண்டர். முதல் தடவை, தனியா, தமிழ்தான். பெரிய பெட்டி அங்கே விடு. திரும்பக் கேட்காதே, மும்பையில்தான் வரும்.

சீட்டில் நேரம் 10.30. கேட் நம்பர் வேறு, சீட் நம்பர் வேறு.

தட்டில் பை, போன். கை விரி. தாலி சத்தம் போடும், பயம் வேண்டாம். முத்திரை பார். தம்பிக்குப் போன் போடு.

அதே சீட்டு வைத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார். தண்ணீர் குடி. கக்கூஸ் இப்பவே போ.

மும்பையில் எல்லாரும் போகிற பக்கம் போ. பெட்டி சுற்றி வரும். நம்முது சிவப்புச் சேலைத் துணி கட்டினது. போனால் மறுபடி வரும், ஓடாதே.

பெட்டி கைக்கு வந்த பிறகுதான் கண்ணாடிக் கதவு தாண்ட வேண்டும். தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் நிற்பார்."